தியேட்டரில் விட்டுவிட்டு வீட்டில் பார்த்தவை: உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து:

2003 பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் ‘தூள்’ படத்துக்குப் போனோம். அதே பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்று இருந்தபோது டிவியில் போட்டார்கள். புவனேஸ்வரத்தில் மழையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் ஊர் திரும்பும் கதைதானே என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அந்த ஆம்புலன்ஸ் காட்சி வந்தது. ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுக்கிறார். பையன் பிழைத்துவிடுவான் என்று அவரைப் போலவே நாங்களும் நம்பிக்கொண்டிருக்கிறோம். வண்டிக்குள்ளேயே உயிர் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் விளம்பரம். அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். சோப்பு, பெயின்ட் என்று படங்கள் மட்டும் ஓடின. விளம்பரம் முடியும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. தியேட்டராக இருந்தால் அடுத்த காட்சி எங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும். வீட்டில் அந்தச் சாவோடு உட்கார நேரம் கிடைத்தது. அதனால்தான் இந்தப் படம் டிவியில் வேர் பிடித்தது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்பத்திலிருந்து:

எனக்கு ‘கடைசி விவசாயி’, அண்ணே. 2022 பிப்ரவரியில் வந்தபோது எங்கள் ஊரில் எத்தனை நாள் ஓடியது என்றுகூட நான் கவனிக்கவில்லை. ஓடிடிக்கு வந்ததும் அப்பாவுக்காகப் போட்டேன். அவருக்கு 74 வயது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் போட்டவர். தங்கச்சி கல்யாணத்துக்காக ஒன்றரை ஏக்கரை விற்றோம். அதற்குப் பிறகு வயல் பேச்சே எடுக்க மாட்டார்.

முதல் பத்து நிமிடம் பேசாமல் இருந்தார். பெரியவர் மாயாண்டி மண்வெட்டியைப் பிடித்ததைப் பார்த்ததும், “இந்த ஆளு நடிக்கிறவரு இல்லப்பா” என்றார். நடித்த நல்லாண்டி ஐயா நிஜமாகவே விவசாயிதான், படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார் என்று சொன்னேன். “அப்படியா” என்று மட்டும் கேட்டுக்கொண்டு, சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குலசாமி கும்பிடப் புது நெல் வேண்டும், ஊரிலேயே இவர் ஒருத்தர்தான் விளைவிக்க முடியும் என்பதுதான் கதை. நட்ட பயிர் நிற்கும்போதே, செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த பெரியவரை, அவரே கொன்றதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பாவுக்கு வழக்கைப் பற்றிக் கவலையே இல்லை. “பயிருக்குத் தண்ணி யார் பாச்சுறது? அதச் சொல்லச் சொல்லு” என்று டிவியைப் பார்த்துக் கேட்டார். நீதிபதியம்மா ஒரு போலீஸ்காரரை வயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். அந்தப் போலீஸ்காரர் பயிருக்கு நடுவில் நிற்கும்போது அப்பாவின் விரல்களைப் பார்த்தேன். மடியில் கிடந்த துண்டின் நூலை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தன. களை எடுக்கிற கை.

யோகி பாபு நிலத்தை விற்று யானை வாங்கினவராக வருவார். ஊரே சிரிக்கும் காட்சி அது. அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் படத்தை நிறுத்தி வைத்தேன். திரும்பி வந்து, “போடு” என்றார்.

விஜய் சேதுபதி வரும் பகுதி அவருக்கு ஒட்டவில்லை. இறந்துபோன காதலி கூடவே இருப்பதாக நினைத்துத் திரியும் முருக பக்தர் ராமையா எதற்கு இந்தக் கதைக்குள் என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தப் பகுதிதான் உயிர். இரண்டு பேரும் ராத்திரி பத்து மணிவரை அதைப் பற்றியே பேசினார்கள். என் கருத்தைக் கேட்டால் அம்மா பக்கம்தான். மண்ணை நம்புகிறவரும் முருகனை நம்புகிறவரும் ஒரே ஊரில் ஒரே மாதிரிதான் நடமாடுகிறார்கள். இயக்குநர் மணிகண்டன் உசிலம்பட்டிக்காரர், அந்த நடமாட்டம் அவருக்குத் தெரியும். தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாக இதைத் தேர்ந்தெடுத்து, நல்லாண்டி ஐயாவுக்குச் சிறப்புக் குறிப்பும் கொடுத்தார்கள். 2023இல் அந்தச் செய்தி வந்த அன்று அப்பாதான் முதலில் என்னிடம் சொன்னார்.

கும்பகோணத்திலிருந்து:

நான் சொல்லப்போவது சினிமா இல்லை, சீரியல். பரவாயில்லைதானே?

‘மெட்டி ஒலி’ முதல் தடவை ஓடியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ‘அம்மி அம்மி மிதித்து’ பாட்டுக் கேட்டதும் பக்கத்து வீட்டு ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அதில் வரும் மருமகள் சரோ ஏன் எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறாள், திருப்பிப் பேசினால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும்.

2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். மாமியாரும் நானும் மதியம் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்போம். சரோவின் மாமியார் ராஜம் பேசும் சில பேச்சுகள், வார்த்தை மாறாமல் எங்கள் வீட்டு அடுப்படியில் நான் கேட்டவை. என் மாமியார் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் இல்லை. கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அத்தை, “எங்க மாமியாரும் இப்படித்தான் பேசுவாங்க, அப்ப ரொம்ப அழுதிருக்கேன்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து கீரைக்கட்டை அவரே அவிழ்த்து, முக்கால்வாசி ஆய்ந்து வைத்திருப்பார்.

சரோ திருப்பிப் பேசாதது எழுத்தின் குறை என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். நானும்தான் பேசவில்லை.

கம்பத்திலிருந்து:

அக்கா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘மெட்டி ஒலி’ யூடியூபில் இருக்கிறதா என்று கேட்கிறார். ஆனால் டிவி இப்போது காலியாக இல்லை. அப்பா மூன்றாவது தடவையாகப் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மண்வெட்டி தெரிகிற இடத்தில் எல்லாம் நிறுத்தச் சொல்கிறார்.