புதுப்பிப்பு: சிங்திங் பொதியின் ஹாஷ் பொருந்திவிட்டது

சாதனங்களுக்கு இடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் நிரலான சிங்திங்கை ஒரே மூலநிரலிலிருந்து இரண்டு கணினிகளில் கட்டினால் (கம்பைல் செய்தால்) இருமக் கோப்புகளின் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) வேறுபடுகிறது என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். சரி, தீர்ந்துவிட்டது. இரு கோப்புகளின் வேறுபாடுகளைக் காட்டும் டிஃபோஸ்கோப் கருவியில் ஒப்பிட்டதும் பளிச்சென்று தெரிந்தது: கட்டிய நேரம், பயனர் பெயர், கணினிப் பெயர் மூன்றும் உள்ளே பதிந்திருந்தன. கிட் வரலாறு (மூலநிரல் மாற்றங்களின் பதிவு) இல்லாத சுருக்கக் கோப்பிலிருந்து கட்டியதால் நேரம் அந்தந்த நொடியாகவே விழுந்திருக்கிறது. 'சோர்ஸ் டேட் எபாக்', 'பில்ட் யூசர்', 'பில்ட் ஹோஸ்ட்' சூழல் மாறிகளுக்கு (கட்டும்போது படிக்கப்படும் அமைப்புகளுக்கு) நிலையான மதிப்பு கொடுத்தேன். அப்புறம் இரண்டு கணினிகளிலும் கோ மொழிக் கம்பைலரின் பதிப்பையும் ஒன்றாக்கினேன். அவ்வளவுதான், ஹாஷ் பொருந்தியது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டவர்களுக்கு: நடுவில் சர்வர் எதிலும் நம் கோப்புகள் தங்குவதில்லை. சாதனத்தின் அடையாளமே அதன் சான்றிதழின் ஷா-256 ஹாஷ்தான். அந்தச் சான்றிதழுக்கான ரகசியச் சாவி முழுக்க இந்த நிரலின் கையில் இருக்கிறது. நிரல் உண்மையானதா என்று யாரும் சரிபார்க்க முடிய வேண்டும்.