பிரதமருக்கு அறிவியல் ஆலோசகர்னா என்ன வேலை? ஒரு பக்கக் குறிப்பு எப்படி எழுதணும்?

பாளை_மார்க்கெட்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அறிவியல் ஆலோசகர் நாட்டுத் தலைவருக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லி காலேஜ்ல வேலை கொடுத்திருக்காங்க. 2023 டிசம்பர்ல நெல்லை, தூத்துக்குடியில வந்த வெள்ளத்தை எடுத்திருக்கேன். தலைப்பு, "கனமழை எச்சரிக்கை வந்ததும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளை முன்கூட்டியே திறக்கலாமா?" இந்த ஆலோசகருக்கு அதிகாரம் எவ்வளவு? கூடங்குளம் அணு உலைப் பிரச்சினை நேரத்துல வந்த நிபுணர் குழுவும் இவரும் ஒண்ணா? குறிப்புல என்னென்ன இருக்கணும்?

வள்ளியூர்_காத்தாடி:
தம்பி, அதிகாரம்னு பார்த்தா ஒண்ணுமில்ல. முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி 1999 நவம்பர்ல வந்துச்சு. முதல்ல கலாம், 2001 கடைசியில இருந்து ஆர்.சிதம்பரம், 2018ல விஜயராகவன், 2022ல இருந்து அஜய் குமார் சூட். சட்டம் போட்டு உண்டாக்கின பதவி இல்ல, அரசாங்க உத்தரவுதான். அமெரிக்காவுல 1973ல அதிபர் நிக்சன் தன் அறிவியல் ஆலோசனைக் குழுவையே கலைச்சுட்டாரு. சூப்பர்சானிக் விமானத் திட்டம் சரிப்படாதுன்னு அந்தக் குழுவுல இருந்த ரிச்சர்ட் கார்வின் நாடாளுமன்றத்துலயே போய்ச் சொன்னது அதுக்கு ஒரு காரணம்னு சொல்லுவாங்க. 1976ல தனிச் சட்டம் போட்டுத்தான் அங்க அலுவலகம் திரும்ப வந்துச்சு.

இங்க ஆலோசகர் கையில பெரிய நிதி கிடையாது. ஆழ்கடல் திட்டத்தைப் பாருங்க. 2018ல அமைச்ச பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழு முன்வச்ச திட்டங்கள்ல அதுவும் ஒண்ணு. 2021ல அமைச்சரவை 4,077 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு, ஆனா பணம் போனது புவி அறிவியல் அமைச்சகத்துக்கு. நாலு அமைச்சகத்தை ஒரே மேசையில உக்காரவச்சு, "இது உங்க வேலை, அது அவங்க வேலை"ன்னு பிரிச்சுவிடுறதுலதான் இவரு நாள் போகும். எந்த அமைச்சகமும் தன் நிதிக்கணக்குல ஏத்திக்கிடலேன்னா, எவ்வளவு நல்ல யோசனையும் அலமாரியிலதான் கிடக்கும்.

இன்னொண்ணு. ஆலோசனை சொல்றவரே அந்தப் பொருளைச் செய்யுறவராவும் இருந்தா சிக்கல். பாதுகாப்பு அமைச்சரோட அறிவியல் ஆலோசகர், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவோட தலைவர், அந்தத் துறைச் செயலர், இந்த மூணும் ரொம்ப காலம் ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு. "இந்த ஏவுகணை எப்பம் தயாராகும்?"னு அமைச்சர் கேட்டா, பதில் சொல்றவரே அதைக் கட்டுறவரு. தாமதம்னு அவரு வாயாலயே எப்படி வரும்? 2015லதான் ஆலோசகர் பதவியைத் தனியாப் பிரிச்சு வேற ஆளுக்குக் கொடுத்தாங்க.

இடிந்தகரை_அலை:
கூடங்குளம் கதை வேற. 2011 நவம்பர்ல மத்திய அரசு போட்டது 15 பேர் குழு. ஒருங்கிணைப்பாளர் முத்துநாயகம், இஸ்ரோவில திரவ உந்துவிசைத் துறையை நடத்தினவரு. உலைக்கு அனுமதி கொடுக்குறதும் நிறுத்துறதும் 1983ல அமைச்ச அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அந்தக் குழு அனுமதியும் கொடுக்கல, தலைவருக்குத் தனிப்பட்ட ஆலோசகரும் இல்ல. "கலாம் ஆலோசகரா வந்து பாதுகாப்புன்னு சொல்லிட்டுப் போனாரே"ன்னு இன்னும் டீக்கடையில பேசுதாங்க. 2011ல அவரு முன்னாள் குடியரசுத் தலைவர். ஆலோசகர் பதவியை விட்டு 10 வருஷம் ஆயிருந்துச்சு.

குழுவில இருந்தவங்க தகுதியில நான் குறை சொல்லமாட்டேன். நேரம்தான் தப்பு. முதல் உலை முடியுற நிலைக்கு வந்தாச்சு, ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து எட்டு மாசம் ஆச்சு, ஊர்ல உண்ணாவிரதம் நடக்கு, அப்பம் குழு வருது. முடிவு எடுத்தப்புறம் வர்ற குழு விளக்கம் சொல்லலாம், ஆலோசனை எங்கிருந்து சொல்லும்? குறிப்பு எழுதும்போது இதை மனசுல வையுங்க: தலைவர் இன்னும் மாத்திக்கிட முடியுற நேரத்துல காகிதம் அவர் மேசைக்குப் போகணும்.

கன்னடியன்_கால்வாய்:
உங்க தலைப்பு பிரதமர் மட்டத்துக்கு வராது, மாநிலத்து வேலை. பயிற்சிக்குப் பரவால்ல. முதல்ல கணக்கைப் போடுங்க, அப்புறம் எழுதுங்க.

பாபநாசம் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ரெண்டும் ஆளுக்கு ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடி பிடிக்கும். விநாடிக்கு 10,000 கன அடி திறந்தா, ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக 864 மில்லியன் கன அடி வெளிய போகும். 2,000 மில்லியன் கன அடிக்கு இடம் பண்ணணும்னா ரெண்டே கால் நாளுக்கு மேல ஆகும். அப்ப முடிவை மழைக்கு மூணு நாள் முன்னாடியே எடுத்தாகணும். ஆனா மூணு நாள் முன்னாடி வர்ற முன்னறிவிப்புக்கு, எந்த மலைச்சரிவுல எத்தனை செ.மீ. கொட்டும்னு துல்லியமாச் சொல்ற சக்தி கிடையாது. உங்க குறிப்போட உயிரே இந்த இழுபறிதான். திறந்துவிட்டு மழை ஏமாத்திருச்சுன்னா பிசான நெல் சாகுபடிக்கு வச்சிருந்த தண்ணி போச்சு. திறக்காம கொட்டிருச்சுன்னா தாமிரபரணியில இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில்ல ஆரம்பிச்சு ஊருக்குள்ள ஏறும்.

அடுத்தது, கேள்வியே சரியா? 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல பெஞ்சது 95 செ.மீ.க்கு ஒட்டி. அது அணைக்குக் கீழ, கடலோரத்துல. மலையிலயும் பெரிய மழைதான், ஆனா அணையை முழுசாக் காலி பண்ணி வச்சிருந்தாலும் கீழ விழுந்த அந்தத் தண்ணியைப் பிடிச்சிருக்க முடியாது. தலைவர் "அணையைத் திறக்கலாமா?"ன்னு கேட்டா, "அணையால தடுக்க முடிஞ்சது எவ்வளவு, முடியாதது எவ்வளவு?"ன்னு பிரிச்சுச் சொல்றதுதான் ஆலோசகர் வேலை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுறது குமாஸ்தா வேலை.

காகிதத்துல: முதல் வரியில எதை, எந்த மணிக்குள்ள முடிவு பண்ணணும்னு இருக்கணும். அப்புறம் நிச்சயமாத் தெரிஞ்சது, கணிப்பு மட்டும்ங்கிறது, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. "வாய்ப்பு அதிகம்"னு எழுதாதீங்க. அதை நீர்வளத்துறை ஒரு மாதிரி படிக்கும், கலெக்டர் வேற மாதிரி படிப்பாங்க. "பத்துக்கு ஆறு"ன்னு எண்ணாச் சொல்லுங்க. மூணு வழி போதும்: திறக்காம இருக்கிறது, கொஞ்சமாத் திறக்கிறது, முழுசாத் திறக்கிறது. ஒவ்வொண்ணுலயும் யாருக்கு நட்டம்னு ஒரே வரி. "விவசாயிகளுக்குப் பாதிப்பு"ன்னு பொதுவா வேண்டாம், எந்தக் கால்வாய்ப் பாசனம்னு பேரைச் சொல்லுங்க.

பாளை_மார்க்கெட்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. என் சொந்தக் கருத்தை எழுதலாமா, இல்ல வழிகளை மட்டும் வச்சுட்டு விட்டுரணுமா?

கன்னடியன்_கால்வாய்:
எழுதுங்க, ஆனா கடைசியில, "பரிந்துரை"ன்னு தனித் தலைப்புல. அறிவியல் எங்க முடியுது, உங்க தேர்வு எங்க ஆரம்பிக்குதுன்னு படிக்கிறவருக்குத் தெரியணும். பயிருக்கும் வீட்டுக்கும் எது முக்கியம்னு மழைமானி சொல்லாது. அதுக்குத் தலைவர்தான் பொறுப்பு.

வள்ளியூர்_காத்தாடி:
கூட ஒண்ணு. அந்தக் காகிதத்தை மக்களுக்கு யார் படிச்சுக் காட்டுறதுங்கிறதையும் முன்னாடியே முடிவு பண்ணிக்கிடணும். இத்தாலியில லாக்விலா ஊர்ல 2009 ஏப்ரல்ல நிலநடுக்கம், 309 பேர் செத்தாங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நிபுணர் கூட்டம் நடந்துச்சு. பயப்பட ஒண்ணுமில்லேங்கிற பேச்சு ஒரு அதிகாரி வாயில இருந்து டிவிக்குப் போச்சு. 2012ல அந்த அதிகாரிக்கும் ஆறு விஞ்ஞானிகளுக்கும் சிறைத்தண்டனை விதிச்சாங்க. 2014ல மேல்முறையீட்டுல விஞ்ஞானிகள் விடுதலையானாங்க. அதனால உங்க குறிப்புக்குக் கீழ தேதி, மணி, அடுத்த முன்னறிவிப்பு எத்தனை மணிக்கு வரும், அதுல எந்த எண் மாறினா இந்தப் பரிந்துரையும் மாறும்னு ரெண்டு வரி கண்டிப்பாப் போடுங்க.