குறுவையில் மாவுக்கு 12 மூட்டை, தாளடியில் 8: வயலும் ரகமும் ஒன்றுதான், விளைச்சல் ஏன் குறைந்தது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு வடக்கே எனக்கு 9 மா (3 ஏக்கர்) நஞ்சை இருக்கிறது. சென்ற ஆண்டு குறுவையிலும் (ஜூனில் விதைக்கும் குறுகிய கால நெல்) அதே வயலில் அதைத் தொடர்ந்த இரண்டாம் போகமான தாளடியிலும் ஆடுதுறை 43 ரகத்தையே பயிரிட்டேன். குறுவையில் மாவுக்கு 12 மூட்டை (60 கிலோ மூட்டை) கண்டுமுதல் கிடைத்தது. தாளடியில் 8 மூட்டைக்கு மேல் தேறவில்லை. உர அளவில் மாற்றம் இல்லை. குறிப்பிட்டுச் சொல்லும்படி பூச்சியோ நோயோ தாக்கவும் இல்லை. ஆயினும் கதிரைக் கையில் உருவிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு பதராக (அரிசி பிடிக்காத வெற்று மணியாக) இருந்தது. செப்டம்பர் 25 அன்று நாற்று விட்டு, குறுவைத் தாளை (அறுத்தபின் நிற்கும் அடிக்கட்டையை) மடக்கி உழுது, அக்டோபர் 24 அன்று நட்டேன். விதையில் குறையா, நிலம் களைத்துவிட்டதா, இல்லை தாளடி என்றாலே இவ்வளவுதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய நாற்றங்கால்

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன், ஐயா. தாங்கள் கொடுத்த இரண்டு தேதிகளிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

நெல்லின் வயது 105 நாளானாலும் 160 நாளானாலும், கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை ஏறத்தாழ 35 நாளும், பூத்ததிலிருந்து முற்றும் வரை ஏறத்தாழ 30 நாளும் ஆகின்றன. ரகத்துக்கு ரகம் கூடிக் குறைவது அதற்கு முந்தைய தழைப் பருவம் மட்டுமே. ஆடுதுறை 43 ரகத்தின் வயது 110 நாள். ஜூன் நடுவில் நாற்று விட்ட தங்கள் குறுவை ஆகஸ்டு இறுதியில் பூத்துச் செப்டம்பர் வெயிலில் மணி பிடித்திருக்கும். அதே ரகம் செப்டம்பர் 25 விதைப்பில், முற்றிய நாற்றை நட்டதால் ஏற்பட்ட சில நாள் தாமதத்தையும் சேர்த்து, டிசம்பர் 20 வாக்கில் பூத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டம் அதன் கதிர்ப் பருவம் முழுவதையும் மூடியிருந்தது என்று பொருள். மணியை நிரப்பும் மாவுச்சத்தில் பெரும்பங்கு பூத்த பிறகு இலைகள் வெயிலில் ஆக்குவதுதான். வெயில் இல்லாதபோது கதிரின் அடிப்பகுதி மணிகள் முதலில் பதராகும். மேலும் நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருக்கும். அந்த வேளையில் மழை பெய்தால் மகரந்தம் வீணாகிறது.

இரண்டாவது காரணம் நாற்றின் வயது. குறுகிய கால ரகத்தை 18 முதல் 22 நாளுக்குள் நட வேண்டும். தாங்கள் நட்டதோ 29 நாள் நாற்று. 110 நாள் பயிருக்குத் தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட, கிடைக்கும் காலமே குறைவு. அதில் ஒரு வாரத்தை நாற்றங்காலில் இழந்தால் பின்னர் எந்த உரத்தாலும் ஈடுகட்ட முடியாது. தாளை மடக்கி உடனே நட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம்: பச்சைத் தாள் அழுகும் முதல் இரண்டு வாரங்களில் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தாமே எடுத்துக்கொள்கின்றன, வேரும் கருக்கிறது.

ஆகவே விதையையோ நிலத்தையோ குறை சொல்ல இடமில்லை. ரகத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் பூக்கும் தேதியைத் தேர்ந்தெடுப்பது என்றே கொள்ளுங்கள். அதே நாளில் 135 நாள் வயதுடைய ஆடுதுறை 46 விதைத்திருந்தால் ஜனவரி இரண்டாம் வாரத்தில், மழை ஓய்ந்த பின் பூத்திருக்கும். 29 நாள் நாற்றும் அதற்கு ஏற்றதே.

கொள்முதல் கணக்கன்

மேலே உள்ள பதிலை ஏற்கிறேன். ஆனால் மூட்டைக் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். குறுவை நெல் மழைக்கு நடுவே அறுக்கப்படுவதால் ஈரம் அதிகம். அது 21 சதவீத ஈரத்தில் எடை போடப்பட்டிருந்தால், 14 சதவீதத்துக்கு மாற்றும்போது 12 மூட்டை 11 ஆகிவிடும். ஜனவரியில் அறுத்த தாளடி 16 சதவீதமாக இருந்திருந்தால் 8 மூட்டை 7.8 ஆகும். வேறுபாடு 4 அன்று, 3 சொச்சம்தான்.

குறுவையே சிறந்த பருவம் என்றும் கருதிவிட வேண்டாம். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் சொந்த வயல் பதிவுகளை வைத்து 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதைக் காட்டினர். ஆகஸ்டு இரவின் புழுக்கத்தில் பயிர் மூச்சுவிட்டே சேமிப்பைச் செலவழிக்கிறது. தை மாதக் குளிரிரவும் பகல் வெயிலும் சேர்ந்து கிடைப்பது நீண்ட கால ஒரு போக நெல்லான சம்பாவுக்கும் காலம் தாழ்ந்து பூக்கும் தாளடிக்கும்தான்.

கரிசல்காடு

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் பயிரிடுகிறேன். நெல்லை விட்டுவிட்டு இதற்கு மாறினால் என்ன என்று டெல்டா நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன்: எங்கள் நிலத்திலேயே இளம்பயிரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளாகி நின்றுவிடுகிறது. ஐப்பசியில் குளமாகும் களிமண் வயலில் மக்காச்சோளம் தாக்குப்பிடிக்காது.

வெண்ணாற்றங்கரை

மிக்க நன்றி. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். டிசம்பர் 18 அன்று "கதிர் வெளிவருகிறது, மூன்றாம் நாளாக மழை" என்று எழுதியிருக்கிறேன்! இவ்வாண்டு 6 மாவில் ஆடுதுறை 46, மீதி 3 மாவில் பழைய ரகமே என்று பிரித்துப் பார்க்கப் போகிறேன். இரண்டு ஐயங்கள்: மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28 இல் மூடினால் தண்ணீர் போதுமா? யூரியாவைக் குறைக்க வேண்டுமா?

பழைய நாற்றங்கால்

பிப்ரவரி 7 வாக்கில் அறுவடை வரும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே வயலை வடிக்க வேண்டும் என்பதால் அணை மூடும் தேதி பெரிதாக இடிக்காது. வயல் கடைமடையாக (வாய்க்காலின் கடைசிப் பகுதியில்) இருந்தால் மட்டும் மோட்டாரை நம்ப வேண்டியிருக்கும். யூரியாவை ஒரே மூச்சில் போடாதீர்கள். மேகமூட்டத்தில் அதிகத் தழைச்சத்து இலையை நீட்டி, ஒன்றின் நிழலில் ஒன்றை நிற்கவைத்துக் குலைநோயை அழைத்துவரும். ஆகவே இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெளிறும்போது மட்டும் மேலுரம் இடுங்கள். நடவு இடைவெளி 20-க்கு 10 சென்டிமீட்டர். விதை ஏக்கருக்கு, அதாவது 3 மாவுக்கு, 16 கிலோ போதும். தாளை மடக்கி உழுததும் ஒரு வாரமாவது, முடிந்தால் பத்து நாள், தண்ணீர் கட்டி வைத்திருந்து பிறகு நடுங்கள்.