புதுப்பிப்பு: எங்கள் மனைப்பிரிவின் பொது இடத்தில் என்ன அமைப்பது?

சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் எங்கள் பொது இடத்தில் வாலிபால் மைதானமா, நடைபாதையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

முதலில் இடம் யாருடையது என்ற சந்தேகம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எங்களுடையது அப்படி வந்ததுதான், நகல் கிடைத்துவிட்டது.

வாட்ஸப் வாக்கெடுப்பில் வாலிபால் ஜெயித்தது. ஆனால் போன பதிவில் ஒருவர் சொன்னபடி, யார் யார் நடக்கிறார்கள் என்று நாலு நாள் காலையும் மாலையும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். அந்தக் குழுவிலேயே இல்லாத பெண்கள்தான் அதிகம் நடக்கிறார்கள், அதுவும் தெருவில், வண்டிகளுக்கு நடுவே! எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

சரி, இரண்டும் வரட்டும் என்று முடிவு. கோர்ட் 18க்கு 9 மீட்டர்தான் என்று நினைத்திருந்தேன். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15 ஆகிறது. அப்படியும் ஓரத்தில் பாதைக்கு இடம் மிஞ்சுகிறது. கோர்ட்டை வடக்கு தெற்காகப் போடுகிறோம், சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. மேற்கே புங்கன் வரிசை.

திறந்தவெளி ஜிம் வேண்டாம் என்று விட்டோம். பக்கத்து நகரில் நிழலே இல்லாமல் வைத்த கருவிகளில் இப்போது துணி காய்கிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கிறோம். விளக்குக் கம்பம் எங்கே என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.