ஆன்லைனில் புள்ளியியல் பாடம் நடத்தியவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு வகுப்பைச் சொல்லுங்கள்

பொருநை

2020 கடைசி. பி.காம். இரண்டாம் ஆண்டு, வணிகப் புள்ளியியல், எல்லாம் கூகுள் மீட்டில். "கேட்குதா, கேட்குதா" என்று கத்தியதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

புத்தகக் கணக்கு வேண்டாம், வீட்டில் தினமும் எண்ணக்கூடிய ஏதாவது ஒன்றை இரண்டு வாரம் குறித்து, சராசரியும் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். கறந்த பால், கடையில் விற்ற டீ, அப்பா ஆட்டோவில் ஓடிய கிலோமீட்டர் என்று வந்தது. தென்காசிப் பக்கத்து மாணவன் ஒருவன் அம்மா சுற்றிய பீடியை எண்ணியிருந்தான். சராசரி 570 சொச்சம். போட்ட விதம் சரி. அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவன் மைக்கை அணைக்கவில்லை.

"சார், 570 சுத்துன நாளுன்னு ஒண்ணுகூட இல்ல சார்."

அவன் ஷீட்டைத் திரையில் திறந்தேன். சில நாள் ஆயிரத்தை ஒட்டி, மற்ற நாளெல்லாம் நானூறை ஒட்டி. நடுவில் காலி. காரணமும் அவனே சொன்னான். வகுப்பு இருக்கிற நாளில் அவனும் தங்கையும் போனோடு உட்கார்ந்துவிடுவார்கள், அம்மா தனியாகச் சுற்றுவார். சனி, ஞாயிறில் மூன்று பேரும் சொளகைச் சுற்றி உட்கார்வார்கள். "அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு யாராவது கேட்டா நான் எதைச் சொல்ல?" என்றான். நான் பேச ஆரம்பித்ததும் அவன் லைன் போய்விட்டது. அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அரசு தினம் 2 ஜிபி கார்டு கொடுத்தது 2021 ஜனவரியில்தான், இது அதற்கு முந்தின கதை. அடுத்த வகுப்பில் ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்ற பாடம்) தொடங்க வேண்டியிருந்தது. ஆன்லைன் வகுப்பு அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் எவ்வளவு பிடுங்கியது என்பது ஆயிரம், நானூறு என்ற அந்த இரண்டு குவியலில் அப்படியே தெரிந்தது. அதைப் பற்றி அவனோடு பேச எனக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

மலைக்கோட்டை

என்னுடையது தேர்வு பற்றியது. எட்டு எண்கள்: 2, 4, 4, 4, 5, 5, 7, 9. திட்ட விலக்கம் கேட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் படித்த புத்தகத்தில் விலகல்களின் வர்க்கக் கூடுதலை எண்ணிக்கையால் வகுப்போம். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4, விடை 2. கூகுள் ஷீட்டில் எஸ்டிடெவ் என்று போட்டால் அது 7-ஆல் வகுக்கும், 2.14 வரும். ஆன்லைன் தேர்வின் விடைக்குறிப்பில் 2.14 மட்டும்தான் இருந்தது. நோட்டு எடுத்து வரிவரியாகப் போட்டவர்களுக்குச் சைபர். ஷீட்டில் ஒட்டியவர்களுக்கு முழு மதிப்பெண்.

இரவு ஒரு மாணவி நான்கு பக்க ரஃப் வேலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, அவ்வளவு சுத்தமாக. கீழே ஒரு வரி: "மார்க் வேண்டாம் மேடம், எங்கே தப்புன்னு மட்டும் சொல்லுங்க." தப்பே இல்லை! தேர்வுப் பிரிவில் பேசினேன். குறிப்பை மாற்ற முடியாது என்று முடித்துவிட்டார்கள். அந்தப் படங்களை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை.

கொங்கு வாத்தியார்

மேடம் சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். ஷீட்டின் மேல் குறை இல்லை, கேள்வியின் மேல்தான். அந்த எட்டு எண்ணும் முழுமைத் தொகுதியா (மொத்தமும் அதுவேயா), கூறா (பெரிய தொகுதியிலிருந்து எடுத்த ஒரு பகுதியா) என்று கேள்வியில் எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. கேசியோ கால்குலேட்டரில்கூட இரண்டையும் தனித்தனியாகக் காட்டுவான். எதை எடுப்பது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது நம் வேலை.

என் கதை சின்னது. ஆளுக்கொரு எண்தொகுதி கொடுத்தேன். ஆனாலும் வகுப்பில் பலர் ஒரே விடையை அனுப்பியிருந்தார்கள், தசமம் வரை. முதல் நாள் ராத்திரி ஒரு பையன் கூப்பிட்டான். "சார், எனக்கு வர்ற விடை வேற, குரூப்ல ஓடுற விடை வேற. எதைப் போடட்டும்?" உனக்கு வந்ததைப் போடு என்றேன். போட்டான், சரியாக இருந்தது. அவ்வளவு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது தன் கணக்கை நம்ப அவனுக்கு அந்த போன் தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கூகுள் ஃபார்மில் எண் விடை கேட்காதீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் மதிப்பெண் தரும், 2.1 என்று போட்டவனும் 2.14 என்று போட்டவனும் ஒன்றில்லை அதற்கு. மூடில் என்கிற பாடம் நடத்தும் மென்பொருளில் எண் விடைக்கு ஏற்கத்தக்க பிழை எவ்வளவு என்று நாமே வைக்கலாம், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் வருகிற மாதிரிக் கேள்வியும் அமைக்கலாம். அது இல்லாத கல்லூரி என்றால், பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஒவ்வொரு எண்ணோடும் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டினால் சராசரி நகரும், திட்ட விலக்கம் நகராது. ஏன் நகரவில்லை என்று ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் கேளுங்கள். அதை யாரைப் பார்த்தும் எழுத முடியாது. கேமராவைப் போடு என்று வற்புறுத்தாதீர்கள். ஒற்றை அறை வீட்டில் பின்னால் யார் தூங்குகிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்ட எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. அப்புறம், முதலில் படம், பிறகுதான் கணக்கு. 1973-இல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு எண்தொகுதிகள் கொடுத்தார். நான்கிலும் சராசரி, மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்), ஒட்டுறவுக் கெழு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே, கெழு 0.816 பக்கம். புள்ளி வைத்துப் பார்த்தால் ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. திரையைப் பகிர்ந்து நடத்த இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பொருநை சார், உங்கள் பையனும் அதையேதான் கேட்டிருக்கிறான். இரண்டு எண்ணையும் சொல், எத்தனை நாள் அப்படி, எத்தனை நாள் இப்படி என்பதையும் சேர்த்துச் சொல். அதுதான் அவனுக்கான பதில்.

மலைக்கோட்டை

கொங்கு சார், வினா வங்கி எங்கள் கைக்கு மேலேயிருந்து வந்தது, கேள்வியை நான் எழுதவில்லை. மூடிலும் இல்லை. நான் வழி கேட்கவும் இல்லை.

அவளுக்கு நான் எழுதிய பதிலையாவது சொல்கிறேன். உன் விடை சரி. அந்த எட்டும் பெரிய தொகுதியிலிருந்து எடுத்த கூறு என்றால் மட்டும் 7-ஆல் வகுப்பார்கள். விலகல்களைக் கூட்டினால் எப்போதும் சைபர். ஏழு தெரிந்தால் எட்டாவது தானே தெரிந்துவிடும், சுதந்திரமாக நிற்பது ஏழுதான். அதோடு, கூறின் சராசரி அந்த எண்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் சிதறல் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அந்தக் குறையை 7 சரிக்கட்டுகிறது. இதை அவள் புரிந்துகொண்டாள். மதிப்பெண் பட்டியலில் மட்டும் சைபர் அப்படியே நிற்கிறது. எனக்கு ஆறவில்லை.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்கு 2022தான் மோசமான வருடம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. பிறகு பெற்றோலும் டீசலும் இல்லாமல் போக, விரிவுரைகள் திரும்பவும் சூமுக்குப் போயின.

அன்று மாதிரியெடுத்தல் (எல்லாரையும் கேட்காமல் சிலரைத் தேர்ந்து கேட்பது) தொடங்கும் நாள். சூமில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன்: "இப்படி ஒன்லைனில் படிக்க உங்களுக்கு வசதி போதுமா?" கிட்டத்தட்ட எல்லாரும் போதும் என்று அழுத்தியிருந்தார்கள். நிர்வாகத்துக்கு அனுப்ப நல்ல செய்தி என்று வாசித்துக்கொண்டிருக்கிறேன், சட்டில் ஒரு வரி வந்து விழுந்தது.

"சேர், கரண்ட் இல்லாத ஆக்கள் இந்தக் கேள்வியப் பாக்கவே மாட்டினம்."

எழுதினது வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளை. அன்று நான் வைத்திருந்த உதாரணம் 1936 அமெரிக்கத் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை நடத்தின கருத்துக்கணிப்புக்கு இருபது இலட்சத்துக்கு மேல் பதில் வந்தும், ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்லுவார் என்று அது பிழையாகச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46-ஐ வென்றார். ரெலிபோன் வைத்திருந்தவர்களையும் கார் வைத்திருந்தவர்களையும் தேடித் தேடிக் கேட்டால் அப்படித்தான் முடியும். அந்த ஸ்லைட்டைப் பிறகு காட்டினேன்தான், ஆனால் அதற்கு அவசியமே இருக்கவில்லை. வராத பிள்ளைகளைத் தேடி அடுத்த நாள் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தோம். வேறு விடைகள் வந்தன.

தொலைக்கல்வி

நான் எடுப்பது வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு, ஞாயிறு காலை. நாற்பது வயதுக்காரர்கள்தான் அதிகம்.

நிகழ்தகவில் பிறந்தநாள் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே நாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு. 60 பேர் என்றால் 99 சதவீதத்துக்கும் மேல். நேரடி வகுப்பில் கை தூக்கச் சொல்வேன். இங்கே, எல்லாரும் தேதியைச் சாட்டில் போடுங்கள் என்றேன். வரிசையாக விழுந்தது: மே, ஜூன், மே, மே, ஜூன். ஒரே தேதியில் மூன்று பேர், இன்னொன்றில் நான்கு பேர். கணக்குக்கு ரொம்ப மேலே போய்விட்டது.

அப்போது ஓர் அம்மா, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர், எழுதினார்: "சர்டிபிகேட் தேதியா, நிஜத் தேதியா? நான் ஐப்பசியில் பிறந்தவள்." உடனே இன்னும் பலர். சேர்க்கை அன்று தலைமையாசிரியர் வயது சரியாக வரும்படி ஒரு தேதி எழுதியிருக்கிறார், அதுவே நிலைத்துவிட்டது. 365 நாளுக்கும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் போடுகிறோம். சமமில்லாமல் ஓரிடத்தில் குவிந்தால் ஒத்துப்போகும் வாய்ப்பு கூடத்தான் செய்யும், குறையாது. அதை விளக்க நான் வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த அம்மா அப்புறம் தனியாக எழுதினார். ஓய்வு பெறும் நாளும் அந்தத் தேதியை வைத்துத்தானாம். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

கூடல்

நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரி இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கும் என்று கூறை வைத்துச் சொல்வது) நடத்த ஆன்லைன்தான் வசதி என்பேன், இங்கே பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 500 வீடுகளின் மின் கட்டணம் என்று ஒரு ஷீட்டை நானே உருவாக்கி வைத்திருந்தேன். உண்மைச் சராசரி எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொருவரும் சமவாய்ப்பில் 30 வீட்டை எடுத்து 95 சதவீத இடைவெளியைப் பொதுத் தாளில் எழுத வேண்டும். கரும்பலகையில் இதைச் செய்ய ஒரு நாள் போதாது, அங்கே கால் மணியில் முடிந்தது. 58 இடைவெளிகள். உண்மைச் சராசரியைக் கோடாக இழுத்தேன். 55 அதைத் தொட்டன, மூன்று தொடவில்லை. நூற்றுக்கு ஐந்து தவறும் என்று சொல்லி வைத்ததற்கு மிகப் பக்கத்தில்.

அந்த மூன்றில் ஒன்றுக்குச் சொந்தக்காரி மைக்கைப் போட்டாள். "மேடம், நான் எங்க தப்பு பண்ணேன்?" எங்கேயும் இல்லை, எல்லாம் சரியாகச் செய்தாலும் இப்படி நடக்கும் என்றேன். ஏற்கவில்லை, திரும்ப 30 வீடு எடுத்தாள். இந்த முறை கோட்டைத் தொட்டது. அப்போது கேட்டாள்: "நிஜமா ஆய்வு பண்றவங்ககிட்ட ஒரே ஒரு இடைவெளிதானே இருக்கும்? அது அந்த மூணுல ஒண்ணான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன். அதனால்தான் வேறு ஆட்கள் வேறு கூறு எடுத்து அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். பி மதிப்பு, எடுகோள் சோதனை எல்லாம் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் தானாக ஓடியது. இந்த ஒரு கேள்வியைப் பாடத்திட்டத்தில் முதல் வாரத்திலேயே வைக்கலாம் என்பது என் எண்ணம். பாடக்குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் பரிசீலியுங்கள். ஷீட் வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள், அனுப்புகிறேன்.