அஹோபிலம் ஜ்வாலா நரசிம்மர்: அருவி விழும் பாதையில் பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணிவாசி

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து காரில் ஆந்திராவின் நல்லமலைக் காட்டில் இருக்கும் அஹோபிலம் போகத் திட்டம். நான், மனைவி, அப்பா (68, மூட்டுவலி உண்டு, தரையில் நன்றாக நடப்பார்), அம்மா (63). கையில் இருப்பது இரண்டு பகல். அங்கே தனித்தனிச் சன்னிதிகளில் இருக்கும் ஒன்பது நரசிம்மரையும் சேவிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஜ்வாலா நரசிம்மர் குகைக்கு அருவிக்கு அடியில் புகுந்துதான் போக வேண்டும் என்கிறார்கள். அந்த மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கும்? டோலி எதுவரை போகும்? எந்தச் சன்னிதியை எந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மலைநடையன்

ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துத் தருகிறோம் என்று ஜீப்காரர்கள் சொல்வார்கள். பெரியவர்களோடு அது ஆகாது. இரண்டு பகல் சரியான கணக்கு.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள். கீழ் அஹோபிலத்தை அங்கே ‘திகுவ’ என்பார்கள், மேல் அஹோபிலத்தை ‘எகுவ’. இரண்டுக்கும் நடுவே 8 கி.மீ. காட்டுச் சாலை. தங்குவதற்குத் திகுவதான். அஹோபில மடத்து விடுதி, தேவஸ்தான விடுதி, ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நரசிம்மரின் திருநட்சத்திரமான சுவாதியன்று திருமஞ்சனக் கூட்டம் இருக்கும், அறை கிடைப்பது கஷ்டம். தேதியை முடிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, மைதுகூர், ஆள்ளகட்டா வழி. ஆள்ளகட்டாவில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டும். பெட்ரோல், பணம், மாத்திரை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

போய்ச் சேரும் நாள் பிற்பகலில் ஒன்பதில் இருவரான சத்ரவடரையும் யோகானந்தரையும் சேவித்துவிடலாம். இரண்டும் திகுவ பக்கத்தில், ஆட்டோ வாசல் வரை போகும். மாலையில் பிரகலாத வரதர் கோயில். முதல் பகல் காலை எகுவ போகும் வழியிலேயே, சாலையோரத்தில், மேல் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் காரஞ்சர் இருக்கிறார். புங்க மரத்தடியில் கையில் வில்லோடு நரசிம்மர். வண்டியை நிறுத்தி இறங்கினால் போதும்.

எகுவ கோயிலில் மூலவர் உக்ர நரசிம்மர். கருவறையே குகைதான். அவரைச் சேவித்தபின் கோயிலை ஒட்டிக் கிளம்பும் பாதை பவநாசினி ஓடையோடு போகும். சுமார் ஒரு கிலோமீட்டரில் வராக நரசிம்மர் (குரோடர் என்றும் சொல்வார்கள்). அதுவரை பெரிய ஏற்றம் இல்லை, உருண்டைக் கற்கள்தான் தொல்லை. அதற்கு மேல்தான் உண்மையான ஏற்றம் தொடங்கும். ஜ்வாலா, எகுவ கோயிலிலிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. படிகள் உண்டு, ஆனால் ஒரு படி அரை அடி என்றால் அடுத்தது ஒன்றரை அடி. மூட்டுவலிக்காரர்களை வாட்டுவது இந்த ஏற்றத்தாழ்வுதான், அதுவும் இறங்கும்போது.

திரும்பும்போது கிளைப் பாதையில் மாலோலன், அதற்குச் சற்று மேலே பிரகலாதன் பள்ளி எனப்படும் பாறைக்குகை. இத்தனைக்கும் ஐந்து, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் எகுவ கோயில் வாசலில் நிற்க வேண்டும். ஜ்வாலாவிலும் மாலோலன் சன்னிதியிலும் அர்ச்சகர் காலையில் நடந்து ஏறி, பகலிலேயே இறங்கிவிடுவார். பதினொரு மணிக்குக் கிளம்பினால் பூட்டிய கம்பிக்கதவுக்கு வெளியே நின்றுதான் சேவிக்க நேரும். ‘பட்டர் மேலே போயாச்சா’ என்று எகுவ கோயிலிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இரண்டாம் பகல் ஜீப்பில் மீதி இரண்டு நரசிம்மர், பாவனரும் பார்கவரும். சொந்தக் கார் அந்தப் பாதையில் போகாது. பாவனர் பாதை பாறையும் பள்ளமுமாக இருக்கும். ஜீப்பில் உட்காருவதே முதுகுக்கு ஒரு சோதனை, அப்பாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். சனிக்கிழமை வேண்டாம். அன்று அங்கே சுற்றுக் கிராமத்தாரும் செஞ்சுப் பழங்குடி மக்களும் ஆடு பலியிட்டு வேண்டுதல் தீர்ப்பார்கள். அது அவர்கள் வழிபாடு, குறை சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் அமைதியாகச் சேவிக்க நினைப்பவர்கள் வேறு கிழமை பார்ப்பதே நல்லது. பார்கவருக்கு ஜீப்பை விட்டு இறங்கியபின் நூற்றுச் சொச்சம் படிகள் உண்டு, கீழே அட்சய தீர்த்தம்.

பதில் 2: சுவாதித் திருநாள்

மேலே சொன்னவற்றில் டோலி விட்டுப் போயிற்று. எகுவ கோயில் அருகிலேயே டோலிக்காரர்கள் இருப்பார்கள். மூங்கிலில் கட்டிய நாற்காலியை நான்கு பேர் தூக்குவார்கள். பேசும்போது ‘ஜ்வாலா, மாலோலன் இரண்டும், ஏற்றம் இறக்கம் சேர்த்து, தூக்குகிற நாலு பேருக்கும் மொத்தம்’ என்று முழுசாகச் சொல்லிப் பேசுங்கள். ‘ஜ்வாலா’ என்று மட்டும் பேசினால் மாலோலன் கிளைப் பாதையில் டோலியை இறக்கி வைத்துத் தனிக்கூலி கேட்பார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பேசாத தூரத்தை அவர்கள் ஏன் சும்மா சுமக்க வேண்டும்?

டோலியில் போனாலும் அருவியடியிலும் சில செங்குத்துப் படிகளிலும் இறங்கி நடக்கச் சொல்லலாம். அதனால் அப்பாவுக்கு முழங்கால் பட்டையும் ஒரு மூங்கில் தடியும் கட்டாயம். தடி எகுவ கோயில் வாசலில் கிடைக்கும். இறங்கும்போது தடியை ஒரு படி முன்னால் ஊன்றிவிட்டு, வலிக்கிற காலை முதலில் இறக்க வேண்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் முழு எடையும் வலிக்கிற மூட்டில் விழும்.

தடி குரங்குக்கும் உதவும். அங்குள்ள குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் தின்பண்டம் என்று அர்த்தம். துளசி மாலையோ தேங்காயோ எதுவானாலும் துணிப்பையில் போட்டு மார்போடு மாட்டுங்கள்.

உடை விஷயம். பெண்களுக்குப் புடவையை விடச் சுடிதார் நல்லது. நனைந்த புடவை காலைச் சுற்றும், படியில் தடுக்கும். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினாலே போதும், மாற்று வேட்டி ஒன்றை உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு கூடவே கூடாது. பிடிப்புள்ள கான்வாஸ் போட்டுக்கொண்டு, சன்னிதிக்குச் சற்று முன்னால் கழற்றுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். அருவி அடித்துக்கொண்டு போகிற முதல் பொருள் அதுதான்.

திருவல்லிக்கேணிவாசி

இரண்டு பேருக்கும் நன்றி ஐயா. அருவியைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். நரசிம்மர் வெளிப்பட்ட தூண் என்று சொல்லும் உக்ர ஸ்தம்பப் பாறையும் அதே வழியில்தானே, நான் மட்டும் ஏறிவிட்டு வரலாமா?

பதில் 3: நல்லமலை வழிப்போக்கன்

ஜ்வாலா சன்னிதி ஒரு செங்குத்துப் பாறைச் சுவரின் இடுக்கில் இருக்கிறது. சுவரின் உச்சியிலிருந்து தண்ணீர் நேரே பாதை மீது விழுகிறது. கோடையில் அது வெறும் சொட்டு. மழைக்காலத்தில், வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, நனையாமல் கடக்க வழியே இல்லை. நவம்பரில் நிச்சயம் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கடக்கும் முறை இதுதான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறைச் சுவர் பக்கமாக ஒட்டி, பாதத்தை முழுசாகப் பதித்து, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கருப்பாகப் பளபளக்கும் கல்லில் பாசி இருக்கும், மிதிக்கக் கூடாது. சொரசொரப்பாக, வெளிறித் தெரியும் கல்லில் கால் நிற்கும். அருவிக்கு நடுவில் நின்று குளிப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். மேலே மழை பெய்தால் தண்ணீரோடு சிறு கற்களும் வரும், 50 பைசா அளவுக் கல் கூட அந்த உயரத்திலிருந்து மண்டையைப் பிளக்கும். குளிக்க ஆசை இருந்தால் கீழே ஓடையில், தண்ணீர் கணுக்கால் அளவு உள்ள இடத்தில் குளியுங்கள்.

அருவியை விட ஓடையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பவநாசினி மலை மேலிருந்து வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே கொட்டிய மழை அரை நாழிகையில் கீழே வந்துவிடலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓடைப் படுகையை விட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். சன்னிதிப் பக்கம் மாட்டிக்கொண்டால் வடியும் வரை காத்திருப்பதே உத்தமம். கோயில் ஆட்களோ வனத்துறையினரோ ‘இன்று வேண்டாம்’ என்றால் வாதாடாதீர்கள். முந்தைய இரவு கனமழை என்றால் வராகர் வரை மட்டும் போய்த் திரும்பி, ஜ்வாலாவை மறுநாளுக்குத் தள்ளி, ஜீப் பயணத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

உக்ர ஸ்தம்பம் வேண்டாம் என்பேன். படி கிடையாது, சரளைக் கல்லில் கையும் காலுமாக ஏற வேண்டும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. அதைச் சேர்த்தால் அந்தப் பகல் முழுக்க அதற்கே போய்விடும். பெற்றவர்களை ஈரத் துணியோடு கீழே உட்கார வைத்துவிட்டு ஏறும் இடமல்ல அது. பாறை பிளந்து நிற்கும் கோலம் கீழிருந்தே தெரியும்.

ஜ்வாலாவில் அவசரப்படாமல் சேவியுங்கள். மூர்த்தி சிறியவர். எட்டுத் திருக்கைகள்: இரண்டில் சங்கு சக்கரம், இரண்டு இரணியனை மடியில் அழுத்த, இரண்டு வயிற்றைக் கிழிக்க, இரண்டு குடலை மாலையாகத் தூக்கியிருக்கும். தீபம் காட்டும் அந்த ஒரு நிமிடத்தில் பார்த்தால்தான் எல்லாம் பிடிபடும். பக்கத்திலேயே ரத்த குண்டம், பெருமாள் கை கழுவிய இடம் என்பார்கள். சுனையில் தண்ணீர் சிவந்து தெரியும், உள்ளங்கையில் அள்ளினால் தெளிவாக இருக்கும்.

பதில் 4: அடியேன் ராமாநுஜதாசன்

மதிய நேரம் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் சிங்கவேள்குன்றம் என்ற பெயரில் அஹோபிலத்துக்குப் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். அதில் ‘உச்சிபோதொடு கால் சுழன்று தெய்வமல்லால் செல்லவொண்ணா’ என்று வரும். கால் என்றால் இங்கே காற்று. உச்சிவெயிலும் சூறைக்காற்றும் சுழலும் இடம், தெய்வம் தவிர யாரும் போக முடியாது என்கிறார். நவம்பரிலும் மழையில்லாத நாளில் அந்தப் பாறைகள் பன்னிரண்டு மணிக்குச் சுட ஆரம்பித்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும், மேலே கடையை நம்பாதீர்கள்.

மாலோலனில் உற்சவரைத் தேட வேண்டாம். அவர் அஹோபில மடத்து ஜீயரோடு ஊர் ஊராக எழுந்தருள்பவர். மூலவரை, மடியில் பிராட்டியோடு, அங்கே சேவிக்கலாம். ஜ்வாலாவில் உக்கிரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அம்மாவை இங்கே கொஞ்சம் உட்கார வையுங்கள், நிழல் நன்றாக இருக்கும். தட்டில் போடச் சில்லறை நோட்டு வேண்டும், காட்டுக்குள் செல்போன் சிக்னலை நம்பிப் போகாதீர்கள்.

திருவல்லிக்கேணிவாசி

நன்றி சுவாமி. உக்ர ஸ்தம்பத்தை விட்டுவிடுகிறேன். எங்கள் இரண்டாவது நாள் சனிக்கிழமையில் வருகிறது, அதனால் ஒரு நாள் முன்கூட்டியே கிளம்புவதாக முடிவு. அப்பாவுக்கு டோலி, அம்மா வராகர் வரை நடந்து பார்ப்பார்.

பதில் 5: சுவாதித் திருநாள்

அம்மாவுக்கும் சேர்த்தே எகுவவில் பேசிவிட்டுப் போங்கள் தம்பி. வராகருக்கு மேல் முடியவில்லை என்றால் அங்கே டோலி கிடைக்காது, கீழேயிருந்துதான் வர வேண்டும்.