மறு: ஒளியிழையில் திரிபு என்றால் முறுக்கா, நீட்சியா?

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். பாலிமர் ஒளியிழையில் (optical fibre) உணரி செய்து வெப்பநிலையையும் ஸ்ட்ரெயினையும் (strain, இழுத்தால் நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறது என்பது) அளப்பது பற்றி மாணவர்களுக்கு ஓர் ஆய்வகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

ஸ்ட்ரெயினுக்குப் பாடநூலில் உள்ள ‘திரிபு’ என்பதையே போட்டேன். தகைவு (stress), திரிபு இரண்டையும் பதினொன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வருகிறார்கள், சிக்கல் இருக்காது என்று நினைத்தேன். நேற்று வரைவை ஒரு மாணவியிடம் கொடுத்தேன். ‘இழையில் திரிபை மெல்ல மெல்லக் கூட்டுக’ என்ற வரியைப் படித்துவிட்டு, “எத்தனை சுற்று திரிக்கணும் மேடம்?” என்றாள். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிக்கும் வீட்டுப் பெண். இரும்புக் கம்பியில் திரிபு என்றால் பாடநூல் ஞாபகம் வருகிறது. இழையில் திரிபு என்றால் கயிறுதான் வருகிறது. அவளைக் குறை சொல்ல முடியாது.

மாற்றுச் சொல் வேண்டும். அப்புறம், இழையாக இழுப்பதற்கு முன்னால் இருக்கும் தடித்த அக்ரிலிக் உருளைக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள். ‘முன்வடிவம்’ எனக்கு ஒட்டவில்லை.

திருச்சியிலிருந்து, புதன் அதிகாலை

அம்மா, திரிபைக் கைவிடாதீர்கள். மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்றையும் சொல்லி ‘திரியுமாறே’ என்கிறார் தொல்காப்பியர். இழுத்தால் மிகும், அழுத்தினால் குன்றும். எழுத்துக்குச் சொன்ன இலக்கணம் உங்கள் இழைக்கும் அப்படியே பொருந்துகிறது. இழை என்ற சொல்லே இழு என்பதிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. உருக்கி இழுத்தால்தானே இழை?

உருளைக்குப் பெயர் தேடி அலைய வேண்டாம். ‘பனுவல்’ என்று வையுங்கள். ‘பருத்திப் பெண்டின் பனுவல்’ என்கிறது புறநானூறு 125. நூற்பதற்கு முன் பன்னி வைத்த பஞ்சு அது.

இன்னொன்று. ‘பாலிமர்’ என்று அச்சடிக்கக் கை கூசவில்லையா? பலபடி என்று நல்ல சொல் இருக்கிறதே.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மதியம்

எங்கள் பக்கம் தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்றுதான் நெடுங்காலம் படிப்பித்தேன். விகாரம் என்று சொல்லி ஒரு பிள்ளையும் நாரை முறுக்கியதில்லை. (ஓம், எங்களுக்கு அது ஒளியியல் நார். பாலிமர் பல்பகுதியம்.)

‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’ என்பது நன்னூல். திரிதல் மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். ஐயா காட்டிய தொல்காப்பியத்தில் பொதுப்பெயர் திரிபு. ஆக, சென்னைப் பாடநூல் தொல்காப்பியர் கட்சி, கொழும்புப் பாடநூல் பவணந்தியார் கட்சி. திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்றாலும் நினைக்கச் சந்தோசமாக இருக்கிறது.

பனுவலில் ஐயாவோடு உடன்பட முடியவில்லை. ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’ என்று அதே நன்னூல். அங்கே சொல்தான் பஞ்சு, பனுவல் இழை. நூற்றதற்கு உரிய பெயரை நூற்பதற்கு முந்தியதற்கு வைப்பதா?

சென்னையிலிருந்து, புதன் இரவு

அண்ணா, மன்னிக்கணும். ‘இழையின் விகாரத்தை அளவிடுக’ என்று இங்கே எழுதினால் இழை அசிங்கமாக இருக்கிறது என்றுதான் படிப்பார்கள். ‘நீட்சி’ என்று வைத்தால் என்ன குறை? பலபடி என்றால் எனக்கு மாடிப்படி ஞாபகம் வருகிறது. கடைக்காரருக்கும் தெரிந்த சொல் பாலிமர், இருக்கட்டுமே.

சிட்னியிலிருந்து, வியாழன்

இந்த இழையோடு தினமும் மாரடிப்பவன் என்பதால் சொல்கிறேன். நீட்சி உதவாது. நீட்சிக்கு மில்லிமீட்டர் உண்டு. ஸ்ட்ரெயினுக்கு அலகே கிடையாது. 1 மீட்டர் இழை 1 மில்லிமீட்டர் நீண்டால் 0.001, அவ்வளவுதான். சுருங்கினால் அதே எண் குறைக்குறியோடு வரும். ‘குறை நீட்சி’ என்று எழுதுவீர்களா?

செய்முறையையும் பாருங்கள். உருளையைக் கோபுரத்தின் உச்சியில் சூடாக்கி இழையாக இழுக்கிறோம். பிறகு புற ஊதா லேசரால் இழையின் நடுவே ஒளி செல்லும் உள்ளகத்தில் கீற்றணி, அதாவது சம இடைவெளியில் நுண்கீற்றுகளின் வரிசை, பதிக்கிறோம். 325 நானோமீட்டர் ஹீலியம்-காட்மியம் லேசர் இதற்கு வழக்கமானது. பாலிமர் இழையில் கீற்றணி முதலில் பதிந்தது 1999இல், இதே ஊரில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில். கீற்றணி ஒரே ஒரு அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் கீற்றுகளின் இடைவெளி கூடும், திரும்பும் அலைநீளமும் கூடும். அந்த நகர்வைத்தான் நாம் படிக்கிறோம்.

கண்ணாடி இழை நடைமுறையில் 1 விழுக்காடு நீளவே பயப்படும். அக்ரிலிக் 5 விழுக்காட்டையும் தாண்டும். விறைப்பைச் சொல்லும் யங் குணகம் கண்ணாடியில் சுமார் 70 கிகாபாஸ்கல், இதில் சுமார் 3. அதனால் மெல்லிய பொருளில் ஒட்டினாலும் அதை விறைக்க வைக்காது.

தலைவலி வெப்பநிலையில். சூடேறினால் கண்ணாடிக் கீற்றணியின் அலைநீளம் கூடும். அக்ரிலிக்கில் பெரும்பாலும் குறையும். இழை விரிவதைவிட ஒளிவிலகல் எண் இறங்குவது அதிகம், போதாக்குறைக்கு ஈரமும் வெளியேறும். ஆமாம், ஈரம். அக்ரிலிக் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வீங்கும். யாரும் இழுக்கவில்லை, சூடாக்கவில்லை, வெளியே மழை பெய்தது, அலைநீளம் நகர்ந்துவிட்டது. கையேட்டில் ஈரத்துக்கு ஓர் இயல் இருக்கிறதா அக்கா? இல்லையென்றால் சொல்லை விட்டுவிட்டு முதலில் அதை எழுதுங்கள்.

என் ஓட்டு ‘நீள்விகிதம்’.

திருச்சியிலிருந்து, வியாழன் இரவு

விகாரமும் வடசொல், விகிதமும் வடசொல். திரிபுக்கு என்னம்மா குறை? முறுக்குவதற்கு முறுக்கம் என்று தனிச்சொல் இருக்கிறது. கயிற்றுக்காரர்கள் திரிப்பதை நிறுத்தவா போகிறார்கள், நாம்தான் சூழலைத் தெளிவாக எழுத வேண்டும். பனுவல் பற்றி: நன்னூல் பிற்காலத்தது.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

எல்லாருக்கும் நன்றி. ஈரத்துக்கு இரண்டு பக்கம் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிச் சேர்த்தேன். தம்பி சொன்னது சரி, அது விட்டுப்போயிருந்தது.

திரிபு இருக்கிறது. முதல் இடத்தில் ‘திரிபு என்பது முறுக்குவது அல்ல; நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பது’ என்று ஒரு வரி போட்டேன். செய்முறையில் ‘இழையை மெல்ல இழுத்துத் திரிபைக் கூட்டுக’ என்று மாற்றினேன். பொள்ளாச்சிப் பெண் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பாலிமர் பாலிமராகவே இருக்கிறது. உருளைக்குத் ‘தாய்க்கோல்’ என்று எழுதிவிட்டேன், ஐயா கோபிக்கக் கூடாது. இணைப்பில் அட்டைப்படம். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

திருச்சியிலிருந்து, வெள்ளி முற்பகல்

கோபமில்லை. பனுவலை நீங்கள் ஏற்காவிட்டாலும் நான் விட்டதாக எண்ண வேண்டாம். அட்டையில் ‘ஒளியிழை திரிபுணரி’ என்று இருக்கிறதே, நடுவில் ‘த்’ எங்கே?

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி மதியம்

தோன்றல் விகாரம் தோன்றவில்லை.